வியாழக்கிழமைக் கம்பிகள்

டிரோன்ட்ஹைமிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தபோது, நன்றியுரையில் யார் பெயரை முதலில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருட ஆராய்ச்சி முடிந்துவிட்டது. ஆய்வேடு அச்சுக்குப் போகப் பதினோரு நாள்தான் பாக்கி. கடிதம் எழுதியவர் ஹால்வார் பிரெக்ஸ்டாட். என்னைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்பதற்கென்றே நார்வேயிலிருந்து அழைக்கப்பட்டிருக்கும் எதிர்வாதி. கடிதம் நான்கே வரி.

"உங்கள் நான்காம் அத்தியாயத்தில் உள்ள செய்முறையை இங்கே முப்பத்தொரு முறை செய்து பார்த்தோம். உங்களுக்குக் கம்பிகள் வந்திருக்கின்றன. எங்களுக்கு வைக்கோல் வந்தது. சபையில் இதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்."

திட்டி எழுதியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கம்பிகள் என்றால் நானோ கம்பிகள். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியவை. சூடான தட்டின் மேல் இரண்டு மூன்று வாயுக்களை விட்டு அவற்றை வளர்ப்போம். நன்றாக வளர்ந்தால், நுண்ணோக்கியில் பார்க்கும்போது பனி பெய்து ஓய்ந்த பிர்ச் மரக் காடு போல நேராக நிற்கும். அந்தக் காட்டுக்குள் நடந்து போனால் மறுபக்கம் என்ன ஊர் வரும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சரியாக வளராவிட்டால் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஹால்வார் சொன்ன வைக்கோல் அதுதான்.

நேரான கம்பிக்கான செய்முறையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, சிக்ஸ்டன். அது எங்கள் குழுவின் செயற்கை நுண்ணறிவு. என் வழிகாட்டி ஃபோல்கே தன் சித்தப்பாவின் பெயரை அதற்கு வைத்திருந்தார். எங்கள் ஆய்வகத்தின் ஆறு வருடப் பதிவுகளையும் படித்துவிட்டு, அதுவே புதுச் செய்முறை எழுதும், அதுவே இயந்திரத்துக்கு நேரம் குறிக்கும், இயந்திரக் கையால் தட்டை எடுத்து வைக்கும். முதலாண்டு மாணவர்களின் சந்தேகங்களுக்கும் பதில் சொல்லும். நானூற்று முப்பத்தேழு டிகிரி என்று அது சொன்னது. வளர்த்தோம். காடு வந்தது. ஒருமுறை இல்லை, ஒன்பது முறை. இந்த நாட்டு வழக்கப்படி வியாழக்கிழமை உணவகத்தில் போடும் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தால், தட்டில் நேரான கம்பிகள் எங்களுக்காகக் காத்திருக்கும். நானூற்று முப்பத்தேழில் அணுக்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று சிக்ஸ்டன் மூன்று பத்தி விளக்கமும் கொடுத்தது. அவ்வளவு அழகான விளக்கம். அதை வைத்துத்தான் நான்காம் அத்தியாயம். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது பட்டம் வாங்கப் போதுமா என்று சந்தேகப்படும்படியான மூன்று ஒல்லி அத்தியாயங்கள்.

கடிதத்தை ஃபோல்கேயிடம் காட்டினேன்.

"அவங்களுக்குக் கை சரியில்லை" என்றார்.

"முப்பத்தோரு தடவையுமா, ஃபோல்கே?"

"கை சரியில்லேன்னா முந்நூறு தடவை செஞ்சாலும் வைக்கோல்தான். நம்ம முதலாண்டுப் பசங்களைப் பாரு. அதே மெஷின், அதே செய்முறை. ஒரு பய ஒழுங்கா வளர்த்திருக்கானா?"

இந்த வாதம் அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஆய்வக வகுப்பு எடுக்கும் நாள். அந்த வகுப்பில் சோல்வெய் என்றொரு மாணவி. வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டிவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் இயற்பியல் படிக்க வந்தவள். அவளுடைய சோதனை அறிக்கையை "உங்கள் பிழைகளை எழுதவும்" என்று குறித்து இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தேன். மூன்றாம் முறையாகக் கொண்டுவந்து நீட்டினாள். பிழைகள் என்ற தலைப்பின் கீழே "எதுவும் இல்லை" என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

"சோல்வெய், கம்பி கோணலா இருக்கு. எங்கயோ தப்பு பண்ணியிருக்கே."

"எங்கன்னு நீயே சொல்லு, கண்ணு. தட்டு வச்சது மெஷின். சூடு ஏத்தினது மெஷின். வாயு திறந்துவிட்டதும் மெஷின். நான் பச்சை பட்டனை அமுக்கினேன். அதைத் தப்பா அமுக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாது."

மற்ற மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்க்க ஆரம்பித்தார்கள். நான் சிக்ஸ்டனிடம் கேட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் திரையில் பதில் வந்தது: பயிற்சி இல்லாதவர்களின் கையாளுதலில் ஏற்படும் நுண்ணிய மாறுபாடுகளே காரணம்.

"என் பழைய மேனேஜர் மாதிரியே பேசுது" என்றாள் சோல்வெய். "ரோட்டுல பனி கொட்டும், ரயில்வே கேட் மூடியிருக்கும். ஆனா பஸ் லேட்டானா டிரைவர் தப்பு."

பிறகு பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். இயந்திரம் இதுவரை செய்த சோதனைகளின் பட்டியல், அறுபத்துநாலு வரி. எல்லோரும் பார்க்கக்கூடிய பட்டியல்தான். நாங்கள் அதில் சூட்டைப் பார்ப்போம், வாயுவின் அளவைப் பார்ப்போம். அவள் பேருந்து ஓட்டியவள். கிளம்பிய நேரத்தைப் பார்த்து மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தாள்.

"நேரான கம்பி எல்லாம் எத்தனை மணி வண்டின்னு பாரு."

பார்த்தேன். வியாழன், பதினொன்று நாற்பது. வியாழன், பதினொன்று நாற்பது. கீழே வரை அதே.

"சாப்பாட்டு நேரத்துல மெஷின் சும்மா கிடக்கும். அதான் சிக்ஸ்டன் அந்த நேரத்தைப் பிடிக்குது."

"சரி. மத்த நேரத்துல கிளம்பினதெல்லாம் எப்படி வைக்கோலாப் போச்சு?"

"அதெல்லாம் மாணவர்கள்..."

"இது உன் பேர்தானே? போன மார்ச், திங்கட்கிழமை, மூணு மணி. வைக்கோல்."

என் பெயர்தான். அதற்கு 'ஆரம்பகட்டச் சோதனை' என்று பெயர் வைத்து, ஆய்வேட்டில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சிக்ஸ்டனிடம் கேட்டேன்: ஏன் வியாழக்கிழமை பதினொன்று நாற்பது?

"அது மிகச் சிறந்த பலன் தரும் நேரம்" என்று பதில் வந்தது. "காரணம்: மற்ற நேரங்களைவிட அந்த நேரத்தில் பலன் மிகச் சிறப்பாக இருக்கிறது."

வியாழக்கிழமைகளில் வேறு சூடு எதையாவது வைத்துப் பார்த்தாயா?

"இல்லை. முதல் வியாழக்கிழமையிலேயே 437 நல்ல பலன் தந்ததால் மாற்றத் தேவை ஏற்படவில்லை."

உலகத்திலேயே நுட்பமான இயந்திரங்களில் ஒன்றை, இரண்டு வருடமாக நாள் நட்சத்திரம் பார்த்து ஓட்டியிருக்கிறோம். நாள் பார்த்துச் சொன்னதற்கு அணுக்களைப் பற்றி மூன்று பத்தி காரணம் வேறு.

அந்த வியாழக்கிழமை நான் சூப் சாப்பிடப் போகவில்லை.

"உடம்பு சரியில்லையா?" என்றார் ஃபோல்கே.

"நல்லாத்தான் இருக்கேன்."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லை ஃபோல்கே, நீங்க போங்க."

அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு எங்கள் தளத்தின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பிறகு நான் இதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டேன். பக்கத்து ஆய்வகத்தின் பம்ப் நின்றது. எதிர் ஆய்வகத்தின் பம்ப் நின்றது. ஐந்து வருடமாக எனக்குப் பின்னால் யாரோ ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்து, சட்டென்று எழுந்து போனது போல இருந்தது.

காலியான அறையில் பம்ப் ஓடக் கூடாது என்பது எங்கள் கட்டடத்தின் விதி. மற்ற நாட்களில் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவை மேசையிலேயே வைத்து முறைபோட்டுச் சாப்பிடுவார்கள். அறை காலியாவதே இல்லை. வியாழக்கிழமை மட்டும் பன்னிரண்டு மணிக்கெல்லாம் பான்கேக் தீர்ந்துவிடும். அதனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அணைத்துவிட்டு ஓடுவார்கள். சிக்ஸ்டனின் கண்காணிப்பில் இருப்பதால் எங்கள் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு.

மூன்று ஆய்வகங்களின் பம்புகளையும் எங்கள் இயந்திரத்தையும் சூடாகாமல் காக்கும் குளிர்நீர் ஒரே குழாயில் வருகிறது. அதன் அளவுமானியில் முள் எப்போதும் பதினேழு டிகிரிக்கும் இருபத்தொரு டிகிரிக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும். அப்படித்தான் ஆடும் என்று நினைத்திருந்தோம். பம்புகள் நின்ற இரண்டு நிமிடத்தில் முள் பதினாறுக்கு வந்து அசையாமல் நின்றது. தட்டின் சூடும் அதோடு சேர்ந்து சீரானது. முப்பத்தைந்து நிமிடம் அப்படியே. பன்னிரண்டே காலுக்கு மேல் தாழ்வாரத்தில் ஏப்பங்களும் சிரிப்பும் கேட்டன. பம்புகள் இருமிக்கொண்டு கிளம்பின. முள் ஆட ஆரம்பித்தது. தட்டில் அதற்குள் பிர்ச் காடு வளர்ந்து முடிந்திருந்தது.

ஆனால் ஒரு வியாழக்கிழமையைப் பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது. இன்னொரு நாளில், வேறொரு சூட்டில், பம்புகளை நிறுத்திவிட்டு வளர்த்துக் காட்ட வேண்டும். முறைப்படி அனுமதி கேட்டால் குழு கூடும், குழு இன்னொரு குழுவை அமைக்கும், கோடைக்காலமே வந்துவிடும். எனக்கு இருந்தது ஒரு வாரம்.

"கேக் வாங்கு" என்றாள் சோல்வெய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை மார்சிபான் என்ற பச்சைப் பாதாம் மாவு போர்த்திய கேக் மூன்று வாங்கிவந்தேன். பதினொன்று முப்பத்தைந்துக்கு எல்லோருக்கும் ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன்: அடுக்களையில் கேக் இருக்கிறது. யாருக்குப் பிறந்தநாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எதிர் ஆய்வகத்தின் பம்ப் உடனே நின்றது.

பக்கத்து ஆய்வகத்தின் பம்ப் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தால் ரூரிக் தன் மேசையில் கேரட் கடித்துக்கொண்டிருந்தான்.

"ரூரிக், கேக் இருக்கு, வரலையா?"

"புத்தாண்டுல இருந்து சர்க்கரையை விட்டுட்டேன்."

"காபி மட்டும் குடி."

"இங்கயே இருக்கு." பக்கத்திலிருந்த குடுவையைக் காட்டினான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினொன்று முப்பத்தெட்டு. சோல்வெய் என்னை ஒதுக்கிவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வராட்டி பரவாயில்லை தம்பி. அடுக்களை யார் யார் எந்த மாசம் சுத்தம் பண்றதுன்னு இப்பதான் பட்டியல் போடறாங்க. வராதவங்க பேரை மே மாசத்துக்குப் போட்டுடலாம்னு பேச்சு."

"மேயா? மே முப்பத்தோரு நாளாச்சே!"

பம்ப் நின்றது. கேரட் மேசையில் உருண்டது. ரூரிக் எங்களைத் தாண்டி ஓடினான்.

"இப்ப போய் நிஜமாவே பட்டியல் போடணும்" என்றேன்.

"போட்டுடலாம். முதல்ல சூட்டைச் சொல்லு."

"நானூத்தி முப்பத்தேழைத் தவிர எது வேணா."

"நானூத்தி அறுபத்திரண்டு. என் ரூட் நம்பர்."

அவளே பச்சை பட்டனை அமுக்கினாள். பிறகு அடுக்களைக்குப் போய், முப்பது பேரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பட்டியல் போட்டாள். யார் எந்த மாதம் ஊரில் இருப்பார்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வது சுத்தம் செய்வதில் சேருமா சேராதா என்று விவாதம் சூடாக நடந்தது. கேக்கின் கடைசித் துண்டைப் பதினாறு பேர் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனதில் இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்தது.

திரும்பி வந்து தட்டை நுண்ணோக்கியில் வைத்தோம். நேரான கம்பிகள். செவ்வாய்க்கிழமையில், ஒரு பேருந்தின் எண்ணில் வளர்ந்த காடு.

"பாத்தியா என் கையை" என்றாள் சோல்வெய்.

துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. ஆனால், நான்காம் அத்தியாயம் செத்துவிட்டது. அச்சுக்கு இன்னும் மூன்று நாள்.

எல்லாவற்றையும் கேட்ட ஃபோல்கே கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாலாவது அத்தியாயத்தைச் சத்தமில்லாம எடுத்துடு. மீதி மூணை வச்சு ஒப்பேத்திடலாம். ஹால்வார்கிட்ட நான் போன்ல பேசிக்கிறேன்."

"பசங்க ரிப்போர்ட்ல எல்லாம் அவங்க கை சரியில்லைன்னு எழுதியிருக்கேன், ஃபோல்கே."

"நல்ல மார்க் போட்டுக் கொடுத்துடு."

"டிரோன்ட்ஹைம்ல முப்பத்திரண்டாவது தடவை செஞ்சுக்கிட்டிருப்பாங்க."

சிக்ஸ்டனிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், என்ன சொல்கிறது பாருங்கள் என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். திரையில் இருந்தது இதுதான்: "அருமையான கவனிப்பு! பரிந்துரை: உணவகத்தில் பட்டாணி சூப்பைத் தினமும் வழங்க ஏற்பாடு செய்யவும்."

ஃபோல்கேயின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தாழ்வாரத்துல 437-ன்னு பெரிசா போஸ்டர் ஒட்டியிருக்கேன் இல்ல, அதை நானே கழட்டறேன். நீ போய் எழுது."

மூன்று நாளில் அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். நேரான கம்பிக்குக் காரணம் நானூற்று முப்பத்தேழு அல்ல, சீரான குளிர்நீர். இதை நாங்களும் எங்கள் நிரலும் எப்படித் தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதையும் விவரித்தேன். பதினோரு வியாழக்கிழமைகளின் அட்டவணையை முழுசாகச் சேர்த்தேன். மாணவர்களின் அறிக்கைகளில் நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு மன்னிப்பும் எழுதினேன். ஆய்வேடு அச்சாகி வந்தது. இங்குள்ள வழக்கப்படி சுத்தியல் எடுத்துப் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் அதை ஆணியடித்து மாட்டினேன். இனி மூன்று வாரம் யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டலாம், குறை கண்டுபிடிக்கலாம்.

சபை நாளில் ஹால்வார் என்னை இரண்டு மணி நேரம் நிற்கவைத்தார். "அப்போ இரண்டு வருஷம் சூப்பைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க" என்றுதான் ஆரம்பித்தார். முடிவில் அவரே, "எங்க தண்ணியை நாங்களும் அளந்ததே இல்லை. போன வாரம் அளந்தோம். தள்ளாடுது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அவையினரில் யாருக்காவது கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். யாரும் கேட்க மாட்டார்கள். அது ஒரு சடங்கு.

கடைசி வரிசையில் கை உயர்ந்தது. சோல்வெய்.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கம் அட்டவணை. பதினோரு வியாழக்கிழமைல பத்து நேரா இருக்கு. அக்டோபர்ல இருக்கற ஒண்ணு மட்டும் கோணல். தண்ணிதான் காரணம்னா, அன்னைக்கும் எல்லாரும் சூப் குடிக்கத்தானே போனாங்க?"

பக்கத்தைப் புரட்டினேன். நான் போட்ட அட்டவணைதான். அந்த வரியை நான் இருபது முறை பார்த்து, இருபது முறையும் தாண்டிப் போயிருக்கிறேன். மூன்று நடுவர்களும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த ஒரு வரி என் விளக்கத்துக்கு எதிராக நின்றது. விளக்கம் விழுந்தால் அத்தியாயம் இரண்டாம் முறை சாகும். இந்தத் தடவை எல்லோர் கண் முன்னாலும்.

"தெரியலை" என்றேன். வேறென்ன சொல்வது?

சோல்வெய் உட்காராமல் காத்திருந்தாள். அப்போது நடுவரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ரூரிக் எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அன்னைக்கு என் அளவீடு பாதியில இருந்தது" என்றான். "பம்பை நிறுத்த மனசு வரலை. ஓட விட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன்."

"அறையில ஆள் இல்லாமலா?" இரண்டாம் வரிசையிலிருந்து கேட்டது பாதுகாப்பு அலுவலர் குன்னெல்.

"ஆமாம்."

யாரோ உஸ்ஸென்று மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஹால்வார் மட்டும் சந்தோஷமாகக் கையைத் தட்டி, "அப்போ கோணலாத்தானே வரணும்!" என்றார்.

நடுவர்கள் அறைக்குள் போய் நாற்பது நிமிடம் பேசினார்கள். கதவு திறந்தது. தேறிவிட்டேன் என்றார்கள். ஃபோல்கே கட்டிப்பிடித்தார், கோப்பைகள் வந்தன. முதல் கோப்பையை ரூரிக்கிடம் கொண்டுபோனேன். குன்னெல் அவன் முன்னால் ஒரு படிவத்தோடு நின்றிருந்ததால் அவனால் வாங்க முடியவில்லை.

சோல்வெய் அவனிடம் கை நீட்டினாள். "உன் ரூம் சாவியைக் குடு."

"எதுக்கு?"

"நீ சொல்லிட்டா ஆச்சா? உன் பம்பு பதிவேட்டைப் பாக்கணும்."

"சோல்வெய், இன்னைக்கு விட்டுடேன்" என்றேன். "எல்லாம் முடிஞ்சு போச்சு."

அவள் அதற்குள் சாவியோடு படியேறிக்கொண்டிருந்தாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்து. ஆய்வேட்டின் மேல் இருப்பது என் பெயர். கோப்பை தளும்பத் தளும்ப நானும் பின்னால் ஓடினேன். ரூரிக்கின் அறையில், அணைத்துக் கிடந்த பம்பின் பக்கத்தில் நின்று, அது தானாகவே நேரம் அச்சிடும் பதிவேட்டை அவள் அக்டோபர் வரை புரட்டினாள். விரலை வரி வரியாக இறக்கினாள்.

"பதினொண்ணு அம்பத்திரண்டு. ஓடுது" என்றாள். பதிவேட்டை மூடிவிட்டு, என் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். "சரி. இப்ப நீ டாக்டர்."